பொம்மைக்குப் போட்ட பெல்ட்

குமுளியில் ஏலக்காய் மொத்தக் கடை ஒன்றின் மாடியில் பாலயாத்திரை சமிதியின் ஆபீஸ் இருந்தது. காரில் போகும் குழந்தைகளுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்வது சமிதியின் லட்சியம். சமிதி பிறந்து இரண்டு வருஷத்தில் பதினேழு கூட்டம் போட்டுவிட்டது. முதல் நான்கு கூட்டங்களில் அதற்குப் பெயர் வைத்தார்கள். அடுத்த ஐந்தில் பெயர்ப்பலகைக்கு என்ன நிறம் என்று பேசினார்கள். பத்தாவது கூட்டத்துக்கு முந்தின நாள், வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒரு புண்ணியவான் அனுப்பிய பன்னிரண்டு குழந்தை இருக்கைகள் லாரியில் வந்து இறங்கிவிட்டன. சமிதி திகைத்துப் போயிற்று. குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நடுவே இப்படித் திடீரென்று இருக்கைகளைக் கொண்டுவந்து இறக்கினால் யாருக்குத்தான் கையும் காலும் ஓடும்?

ஆனாலும் சமாளித்தார்கள். பதினோரு இருக்கைகளை பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். பன்னிரண்டாவதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அதில் மூன்று வயதுப் பிள்ளை அளவுக்கு ஒரு பொம்மையை உட்காரவைத்து, பெல்ட்டும் மாட்டிவிட்டார்கள். ஸ்டாக் புத்தகத்தில் அந்தப் பொம்மைக்கு 'மாதிரிக் குழந்தை, எண்ணிக்கை 1' என்று பெயர். உத்காடனம், அதாவது முறைப்படியான திறப்பு விழா நடக்கும்வரை நிஜக் குழந்தை எதுவும் இருக்கையில் உட்காரக் கூடாது என்று ஒன்பதாம் விதி எழுதப்பட்டது. நிஜக் குழந்தை உட்கார்ந்துவிட்டால் இருக்கை 'உபயோகித்த பொருள்' ஆகிவிடும். உபயோகித்த பொருளை வைத்து விழா நடத்த முடியாது. அதை ஸ்டாக்கிலிருந்தே நீக்கிவிட வேண்டும்.

ஆபீசைப் பெருக்கித் துடைக்கும் சின்னத்தாயி தினமும் காலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பொம்மையிடம் பேசுவாள். "நீதான்டா ராசா குடுத்து வெச்சவன். இந்த மலையிலேயே விழாம இருக்கிற ஒரே பிள்ளை நீதான்."

வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் குடியிருந்த சோலைக்கு இதெல்லாம் தெரியாது. அவனிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. சுற்றுலாக்காரர்கள் வந்தால் அவர்களை ஏற்றுவான். வராத நாளில் எஸ்டேட் ஆட்களை ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் கொண்டுபோய் விடுவான். சனிக்கிழமை மட்டும் யார் கூப்பிட்டாலும் போக மாட்டான். அன்று மகள் தமிழ்ப்ரியாவைக் கம்பத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். பிள்ளைக்கு மூன்றரை வயது. பிறவியிலேயே காது மந்தம். போன வருஷம்தான் காதில் மிஷின் வைத்தார்கள். கம்பத்தில் ஒரு டீச்சர் வாரம் ஒரு நாள் பேச்சுப் பழக்குகிறார். ஒரு வாரம் விட்டாலும் பழகியது போய்விடும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிள்ளை இதுவரை பிடித்துக்கொண்ட சத்தம் ஒன்றே ஒன்றுதான்: "தா."

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மலைப்பாதை இறக்கத்தில் ஒரு ஜீப் வளைவை அறுத்துக்கொண்டு எதிரே வந்தது. சோலை பிரேக்கை அழுத்தினான். முன்சீட்டில் அவன் மனைவி முருகேஸ்வரியின் மடியில் இருந்த பிள்ளை மடியில் இல்லை. டாஷ்போர்டில் மோதி, புருவத்தில் மூன்று தையல்.

"நான் இறுக்கித்தான் பிடிச்சிருந்தேன் டாக்டர்" என்று முருகேஸ்வரி திரும்பத் திரும்பச் சொன்னாள். "சத்தியமா இறுக்கித்தான் பிடிச்சிருந்தேன்."

கம்பத்து டாக்டர் வயதானவர். தையலை முடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "உங்க மேல தப்பில்லம்மா. அந்த வேகத்துல எந்தத் தாயாலயும் பிள்ளையைப் பிடிச்சு வெச்சுக்க முடியாது. கைக்கு அவ்வளவு பலத்தைக் கடவுள் குடுக்கல. மடி சோறூட்ட, தூங்கவைக்க. ஓடுற வண்டிக்கு மடி ஆகாது. பிள்ளை எடைக்குத் தக்கன சீட்டு ஒண்ணு வாங்கிப் பின்னால மாட்டுங்க." அங்கேயே எடை பார்த்தார். பதினாலரை கிலோ.

கடையில் விசாரித்தபோது சோலை இரண்டு மாதம் ஓட்டினால்தான் வாங்க முடியும் என்று தெரிந்தது. குமுளியில் சமிதி ஒன்று இலவசமாகத் தருகிறதாம் என்று யாரோ சொன்னார்கள். சோலை வழியிலிருந்த மாரியம்மனுக்கு ஒரு சூடம் ஏற்றிவிட்டு நேரே அங்கே போனான்.

சமிதியின் செயலர் ஜிபி சார் மலையாளி, நல்ல மனிதர். வருகிறவர்களை உட்காரச் சொல்லுவார், பால் விடாத கட்டன் சாயா வாங்கித் தருவார், பிறகு கைவிரிப்பார். சோலையையும் உட்காரச் சொன்னார். சோலை கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பொம்மை தன் மகளைவிட ஒரு விரற்கடைதான் உயரம் கூடுதல்.

"இந்த மாதிரி ஒண்ணு போதும் சார். இதேதான்."

"அது மாதிரி, சோலை. தரான் பற்றில்லா, தர முடியாது. நீங்க ஒரு அபேட்சை, விண்ணப்பம், எழுதணும் கேட்டோ. மூணு காப்பி. பயனாளி ஒப்பு போடணும், கையெழுத்து."

"போட்டுத் தாரேன் சார்."

"நீங்க அல்ல. பயனாளி. குழந்தை."

மறுநாள் தமிழ்ப்ரியா சமிதி ஆபீஸ் தரையில் உட்கார்ந்து மூன்று காப்பியிலும் ஒவ்வொரு வட்டம் போட்டாள். மூன்றாவது வட்டம் முதலிரண்டைப் போல இல்லை என்று அபேட்சை திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் முழுக்க சோலை மகளின் கையைப் பிடித்து ஒரே மாதிரி வட்டம் போடப் பழக்கினான். இரண்டாம் முறை தேறியது.

அடுத்தது எடைச் சான்று. டாக்டரின் சீட்டு செல்லாது. அது வேறு சம்ஸ்தானத்து, தமிழ்நாட்டுத் தராசு. அங்கன்வாடித் தராசில் இந்த வருஷ முத்திரை இல்லை. முத்திரையிட்ட தராசில், பயனாளி குடியிருக்கும் இடத்திலேயே நிறுத்து, பொறுப்புள்ளவர் ஒப்பு போட்டுத் தர வேண்டும். எஸ்டேட்டில் முத்திரையிட்ட தராசு ஒன்றுதான் உண்டு. கொழுந்து நிறுக்கும் தராசு.

அன்றைக்கு நல்ல மழை. கொழுந்துக் கொட்டகையில் சூப்பர்வைசர் காளிச்சாமி நிறுத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக நிறுப்பவர். பிள்ளையைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாடி என் சிங்காரி! மாமா தராசுல ஊஞ்சல் ஆடுதியா?"

புதுச் சாக்கு ஒன்றை எடுத்து அதற்குள் பிள்ளையை நிறுத்தி, கொக்கியில் மாட்டித் தூக்கினார். பிள்ளை சாக்குக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு "தா, தா" என்றது. முள் பதினைந்தில் நின்றது. கொழுந்து பறித்துவிட்டு வரிசையில் நின்ற பெண்கள் கை தட்டினார்கள். காளிச்சாமி காதிலிருந்து பேனாவை எடுத்துச் சரசரவென்று எழுதி, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சோலை அதை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

ஜிபி சார்தான் அதைப் படித்தார். மொத்தம் பதினைந்து. சாக்குக்கு ஒன்று. ஈரத்துக்கு இரண்டு. முற்றின இலைக்கு ஒன்று. நிகரம் பதினொன்று.

"சோலை, உங்க குழந்தையில முற்றின இலை ஒரு கிலோ உண்டாயிருந்நு."

சோலை ஓடினான். காளிச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "அட ஆண்டவனே! கை அதுபாட்டுக்குக் கழிச்சிருச்சு மாப்ள. முப்பது வருசமா மழைநாள்ல கழிக்காம நான் ஒரு சீட்டு எழுதினது கிடையாது."

"கழிக்காம ஒண்ணு எழுதிக் குடுங்க மாமா."

"எப்படிடா? சீட்டு நம்பர் போட்டாச்சு, கம்பெனி புத்தகத்துல பதினோரு கிலோன்னு ஏத்தியாச்சு. உன் பிள்ளை இந்நேரம் பாக்டரிக் கணக்குல இலை வாடப் போடுற தட்டுல கெடக்கு." சொல்லிவிட்டு அவரே கலங்கிப் போனார். "நானே வந்து சமிதியில சொல்லுதேன். என் தப்புதான்னு சொல்லுதேன்."

அவர் வந்து சொன்னார். அதனால் விஷயம் இன்னும் சிக்கலாயிற்று. சமிதியின் விதிப்படி பன்னிரண்டு கிலோவுக்குக் கீழே என்றால் கைக்குழந்தை ரகம், பின்பக்கம் பார்த்து உட்காரும் இருக்கை. அதற்கு மேலே என்றால் முன்பக்கம் பார்த்து உட்காரும் இருக்கை. சமிதியில் இருந்த பன்னிரண்டும் இரண்டாவது ரகம். காகிதப்படி தமிழ்ப்ரியா கைக்குழந்தை. கைக்குழந்தை ரகம் கையிருப்பில் இல்லை. இப்போது ஒப்பு போட்ட அதிகாரியே தன் ஒப்பு தப்பு என்கிறார். ஆகவே விசாரணை வைத்தார்கள்.

தலைவர் பெர்சி பழைய எஸ்டேட் மேனேஜர். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும் எல்லோரும் அவரைத் தொரை என்றுதான் சொன்னார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. முருகேஸ்வரி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கு முன்னால் நின்றாள். கண்ணாடிப் பெட்டி மூன்றடி தள்ளி இருந்தது. பிள்ளை இருக்கையைக் காட்டி "தா" என்றது.

"மிஸ்டர் சோலை" என்றார் தொரை. "டாக்டர் சீட்டுல பதினாலரை. எஸ்டேட் சீட்டுல பதினொண்ணு. எது கரெக்ட்?"

"பிள்ளை இங்கதான் நிக்கிது தொரை. தூக்கிப் பாத்தாலே தெரியும்."

"பிள்ளையை நாங்க ஃபைல்ல வைக்க முடியாது. பேப்பர் வேணும். சமிதி மேல உமக்கு நம்பிக்கை வேணும். நான் முப்பத்தாறு வருஷம் எஸ்டேட்ல சேஃப்டி பார்த்தவன். அப்ப லாரியில கொழுந்து மூட்டைக்கு மேலதான் ஆளுங்களை ஏத்தி அனுப்புவோம். அப்பப்ப ஒருத்தர் ரெண்டு பேர் விழுவாங்க. விழுந்தவங்கள்ல ஒருத்தராவது எழுந்து வந்து கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காங்களா? ஒரு பேப்பர் கிடையாது. அதுக்குப் பேர்தான் ரெக்கார்டு!"

உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள்.

"இங்கயும் அதே ரெக்கார்டை வெச்சிருக்கேன். பன்னிரண்டு சீட்டு வந்து ஒரு வருஷம் ஆச்சு. ஒண்ணுலயாவது ஒரு கீறல் உண்டா? ஒரு பிள்ளை ஒண்ணுக்குப் போயிருக்கா? பிஸ்கட் தூள் சிந்தியிருக்கா? நம்ம சமிதியோட இருக்கையில உக்காந்து இதுவரைக்கும் ஒரு குழந்தைக்குக்கூட அடிபட்டதில்லை. இதைவிட என்ன பாதுகாப்பு வேணும்?"

முருகேஸ்வரி பிள்ளையின் புருவத்தைத் தடவிக்கொண்டாள். மூலையில் மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்த ஜிபி சாரின் பேனா கொஞ்ச நேரம் நின்று, பிறகு ஓடிற்று.

பத்து நாளில் தபால் வந்தது. கைக்குழந்தை ரக இருக்கைக்கு எழுதிப் போட்டிருப்பதாகவும், அது வந்து சேரும்வரை பயனாளி பதினோரு கிலோவிலேயே நிலைத்திருக்க வேண்டுமென்றும், எடை கூடினால் அபேட்சை ரத்தாகுமென்றும் அதில் கண்டிருந்தது.

முருகேஸ்வரி அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "பிள்ளைக்குச் சோறு போடாதேன்னு சீல் குத்தி எழுதிருக்காகளா?"

"அப்படியில்ல. வளர வேண்டாம்னு சொல்லுதாக."

"அதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் பிள்ளைக்கு ஒரு முட்டை கூடுதலாக வேகவைத்தாள்.

சனிக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. சோலை பின்சீட்டு உறைக்கு அடியில் பல வருஷமாகப் புதைந்து கிடந்த பெல்ட்டுகளைப் பிளேடால் உறையைக் கிழித்து வெளியே எடுத்தான். முருகேஸ்வரி இப்போது பின்னால் உட்கார்ந்து தானும் பெல்ட் போட்டு, பிள்ளையை முந்தானையால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அது போதாது என்று இருவருக்கும் தெரியும். சோலை மலையிறக்கம் முழுக்க இரண்டாவது கியரிலேயே போவான். பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்துத் திட்டும். மாரியம்மன் கோயில் வளைவில் வண்டியை நிறுத்தி இருவரும் கும்பிடுவார்கள்.

"சாமிக்கு எத்தனையோ ஜோலி" என்பாள் முருகேஸ்வரி. "இந்த ஒண்ணையாவது நாம பாத்துக்கிட முடிஞ்சா எவ்வளவு நல்லாருக்கும்."

இதற்கு நடுவில் பெற்றோருக்குப் போதனா வகுப்பு வேறு நடந்தது. ஆறு சனிக்கிழமை என்றார்கள். சோலை காலில் விழாத குறையாகக் கேட்டு, அதை ஆறு செவ்வாய்க்கிழமைகளுக்கு மாற்றிக்கொண்டான். பள்ளிக்கூட ஹாலில் இருக்கையை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டி, அதில் பொம்மையை வைத்து ஜிபி சார் விளக்குவார். சமிதியிலேயே இருக்கையோடு வந்த புத்தகத்தை முழுக்கப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

"பெல்ட்டு தோளெலும்புல படிஞ்சு கிடக்கணும். எலும்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல ஒரு விரல் போகலாம், ரெண்டு போகக் கூடாது. கட்டி ஸ்வெட்டர் போட்டுட்டுப் பெல்ட் மாட்டக் கூடாது. ஸ்வெட்டர் அமுங்கும், பெல்ட்டு லூசாகும். ஸ்வெட்டரைக் கழற்றி, பெல்ட்டை மாட்டி, பின்னே ஸ்வெட்டரை மேல போர்த்தணும். கடைசில 'டக்'னு சத்தம் கேட்கணும். கேட்கலேன்னா மாட்டலேன்னு அர்த்தம்."

அவர் சொல்லும்போது கண் பளபளக்கும். முடிந்ததும் பொம்மைக்கு மெள்ள ஸ்வெட்டர் போர்த்துவார். கடைசி வகுப்பு முடிந்து வாசலில் நின்றபோது சோலை ஒன்றைக் கண்டான். தொரையின் காரில் இருக்கையைப் பின்னால் மாட்டி, பொம்மையை உட்காரவைத்து, டக் என்று பெல்ட்டும் போட்டாயிற்று. ஸ்டாக் பொருளுக்குச் சேதம் வந்தால் யார் பதில் சொல்வது? தொரை முன்னால் ஏறி, தன் நாலு வயதுப் பேரனை மடியில் வைத்துக்கொண்டார். சட்டை கசங்கும் என்று அவர் பெல்ட் போடுவதில்லை. பேரன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி டாட்டா காட்டினான். பின்சீட்டில் பொம்மை ஆடாமல் அசையாமல் போயிற்று.

ஜனவரியில் உத்காடனத்துக்குத் தேதி கிடைத்தது. ஒரு சனிக்கிழமை. விழாவுக்கு வரும் பிரமுகருக்கு மலை ஏறினால் தலை சுற்றுமாம். ஆகவே விழா கம்பத்தில். தொரையின் காரில் குடும்பம் நிறைந்துவிட்டது. இருக்கையைக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். எப்படியும் கம்பம் போகிறவன்தானே என்று சோலையைக் கூப்பிட்டார்கள்.

ஜிபி சார் விடிந்ததும் வந்து, சோலையின் காரின் பின்சீட்டில் இடது ஓரமாக இருக்கையை வைத்து, முட்டியால் அழுத்தி, கார் பெல்ட்டை அதன் பள்ளத்தில் இழுத்து இறுக்கினார். பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. பொம்மையை உட்காரவைத்தார். டக். விழாவுக்கு வேண்டிய குத்துவிளக்கை முன்சீட்டில் வைத்து அதற்கும் பெல்ட் போட்டார், அதுவும் ஸ்டாக். நடுவில் முருகேஸ்வரி, அவள் மடியில் முந்தானைக்குள் தமிழ்ப்ரியா. வலது ஓரத்தில் ஸ்டாக்குக்குக் காவலாக ஜிபி சார்.

"சார்" என்றான் சோலை, சாவியைத் திருகாமல். "பொம்மையை நீங்க மடியில வெச்சுக்கிட்டா..."

"பற்றில்லா சோலை. உத்காடனம் முடியட்டும்." அவர் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

எல்லை தாண்டி இறக்கம் தொடங்கியது. பனி கண்ணை மறைத்தது. விளக்குக்குப் பெல்ட், பொம்மைக்குப் பெல்ட், பெரியவர்கள் எல்லோருக்கும் பெல்ட். பிள்ளைக்கு மட்டும் ஒரு சேலை முனை. மாரியம்மன் வளைவில் வழக்கம்போல நிறுத்தினான். முருகேஸ்வரி கண்ணை மூடிக் கும்பிட்டாள். மடியில் இருந்த பிள்ளை பக்கத்திலிருந்த பொம்மையின் கொக்கியைத் தொட்டுப் பார்த்தது. பிறகு அம்மாவின் கையை எடுத்து, அந்தப் பெல்ட் மாதிரியே தன் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டது. ஜிபி சார் அதைப் பார்த்தார். புருவத்துத் தழும்பையும் பார்த்தார்.

"அம்மே, குழந்தையை இங்கோட்டு தரூ" என்றார்.

வண்டியை விட்டு இறங்கி இடது பக்கம் வந்தார். பொம்மையின் பெல்ட்டைக் கழற்றினார். அதைச் சற்று நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பிள்ளையின் ஸ்வெட்டரைக் கழற்றி, இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட்டை இறக்கி, ஒரு விரலைத் தோளெலும்பில் விட்டுப் பார்த்து, மாட்டினார்.

டக்.

ஸ்வெட்டரை மேலே போர்த்தினார். வலது பக்கம் போய்த் தன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு பொம்மையை மடியில் வைத்துக்கொண்டார். "போகாம் சோலை" என்றார். முருகேஸ்வரியின் மடி முதல் தடவையாகக் காலியாக இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாலு வளைவு தாண்டியிருக்கும். பனிக்குள்ளிருந்து ஒரு காய்கறி லாரி நடு ரோட்டில் ஏறி வந்தது. சோலை உடம்பின் மொத்தப் பாரத்தையும் பிரேக்கில் போட்டான். டயர் கத்தியது. ஜிபி சாரின் மடியிலிருந்த பொம்மை பறந்து, முன்சீட்டின் இரும்பில் மோதி, தலை தனியாகக் கழன்று கியருக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. லாரி ஒரு முழம் தள்ளி நின்றது.

சோலை திரும்பிப் பார்த்தான். பொம்மை இருந்திருக்க வேண்டிய இடத்தில் அவன் மகள் இருந்தாள். பெல்ட் அவளை அழுத்திப் பிடித்திருந்தது. ஸ்வெட்டர் மட்டும் கீழே விழுந்திருந்தது. அவள் கியர் பக்கம் கிடந்த தலையைப் பார்த்துவிட்டு, அப்பாவைப் பார்த்தாள். அழவில்லை.

முருகேஸ்வரி பிள்ளையின் கால், கை, நெற்றி எல்லாவற்றையும் தடவினாள். பிறகு ஜிபி சாரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் மற்றக் கையில் தலையில்லாத பொம்மையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கம்பத்தில் மண்டப வாசலிலேயே தொரை பார்த்துவிட்டார். "தலை எங்கே?" என்றார். "தலைக்கு என்ன ஆச்சு? எப்படி ஆச்சு? யார் கழற்றினது?" பிள்ளையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தலையில்லாத குழந்தையை மேடையில் வைப்பது அபசகுனம் என்று பிரமுகர் நினைத்தார். விழா ஒத்திவைக்கப்பட்டது. குத்துவிளக்கு ஏற்றாமலே திரும்பியது. சோலை மட்டும் சரியான நேரத்துக்கு டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

அடுத்த வாரம் ஜிபி சாருக்கு மெமோ வந்தது. 'மாதிரிக் குழந்தையை ஓடும் காரில் மடியில் வைத்தது ஏன்? மடி பாதுகாப்பான இடம் அல்ல என்பது தங்களுக்குத் தெரியாதா? திடீரென்று பிரேக் போட்டால் எவராலும் பிடித்துவைக்க முடியாது என்ற அடிப்படை விஷயம்கூடத் தெரியாதா? அதற்கென்றே ஓர் இருக்கை பக்கத்தில் இருந்தும் அதில் உட்காரவைக்காத காரணம் என்ன?'

சமிதி இரண்டு வருஷத்தில் எழுதிய காகிதங்களிலேயே முழு உண்மை இருந்தது இந்த ஒன்றில்தான். ஜிபி சார் பதிலை ஒரே வரியில் எழுதினார்.

'இருக்கையில் குழந்தை இருந்தது.'

அந்த ஒரு வரியால் ஒன்பதாம் விதி எழுந்து உட்கார்ந்துவிட்டது. நிஜக் குழந்தை உட்கார்ந்த இருக்கை உபயோகித்த பொருள். அதைத் திரும்ப ஆபீசுக்குள் ஏற்றக் கூடாது, ஸ்டாக்கிலிருந்து நீக்கி எங்கேயாவது ஒழித்துவிடவும் என்று தொரை சிவப்பு மையில் எழுதினார். ஜிபி சார் ஒழிக்க வேண்டியிருக்கவில்லை. அது சோலையின் காரிலேயேதான் இருந்தது.

சின்னத்தாயி காலியான கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஏன் சார், ஒரு பிள்ளை உக்காந்ததுக்கே ஒரு சீட்டைத் தள்ளிட்டாகன்னா, உள்ள பூட்டிக் கெடக்குற பதினொண்ணுலயும் பிள்ளைக உக்காந்தா என்ன செய்வாக?"

ஜிபி சார் எழுதுவதை நிறுத்தினார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து அறைச் சாவியை எடுத்து, மேஜைமேல் மறந்து வைத்துவிட்டு, சாயா குடிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழுந்துக் கொட்டகை வாசலில் பதினோரு இருக்கைகள் வரிசையாக நின்றன. லயத்துப் பிள்ளைகளைக் காளிச்சாமி ஒவ்வொருவராகத் தராசில் நிறுத்தார். அன்றைக்கும் தூறல்தான். ஒவ்வொரு சீட்டை எழுதும்போதும் ஈரத்துக்கு என்று அவர் கை கழிக்கப் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்திக்கொள்வார். ஒரு சீட்டில் மட்டும் கழித்துவிட்டு, நாக்கைக் கடித்து, கிழித்துப் போட்டார். எடைக்குப் பொருந்திய பிள்ளைகளை ஜிபி சார் உட்காரவைத்தார். காரும் ஜீப்பும் ஓட்டுகிற தகப்பன்மார் சுற்றி நின்று விரலைத் தோளெலும்பில் விட்டுப் பழகினார்கள். பதினோரு பொருள்களும் அன்று மத்தியானத்துக்குள் உபயோகித்தவையாகிவிட்டன.

ஆண்டறிக்கையில் தொரை, 'கையிருப்பு: இல்லை. புகார்: இல்லை' என்று எழுதி அடிக்கோடிட்டார். பதினெட்டாவது கூட்டத்தில் காலிக் கண்ணாடிப் பெட்டியை எப்படிப் பாதுகாப்பது என்று பேசினார்கள். கைக்குழந்தை ரக இருக்கை இன்னும் வரவில்லை.

சனிக்கிழமை சோலை மகளை உட்காரவைத்தான். ஸ்வெட்டரைக் கழற்றி, பெல்ட்டை மாட்டி, போர்த்தினான். டக். முன்னால் போய்த் தன் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகப் போனான்.

பின்னாலிருந்து, காதில் மிஷினோடு, தமிழ்ப்ரியா அவன் தோளைப் பார்த்தாள். அங்கே பெல்ட் இல்லை.

"டக்" என்றாள்.

சோலை அப்படியே உட்கார்ந்துவிட்டான். முருகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டக்" என்றாள் மறுபடியும், கொஞ்சம் கோபமாக.

அவன் பெல்ட்டை இழுத்து மாட்டினான். சத்தம் கேட்ட பிறகுதான் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.